புதுக்கணக்கு

விலாசத்தை மேலிருந்து படிப்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"பேர மொதல்ல படிச்சு என்னா செய்யப் போறீங்க தம்பி? ராஜேந்திரன்னு ஒலகத்துல ஒருத்தன்தான் இருக்கானா? கீழ இருந்து ஏறுங்க. ஊரு, தோட்டம், கணக்கு, லயம், அப்புறந்தான் ஆளு."

எங்கள் சந்திக்கு மேலே, மேட்டில் இருந்த உப தபால் கந்தோரின் போஸ்ட்மாஸ்டர் அவர். எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டரம்மா. எனக்கு மட்டும் அக்கா. நான் சந்தியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை எட்டேகால் பஸ்ஸில் டவுனிலிருந்து தபால் பை வரும். கண்டக்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிற பஸ்ஸில் ஏறிக்கொள்வார். அதை மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருந்த புத்தகத்தில் 'கண்ணன்' என்று கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அரை மணி நேரத்துக்குக் குறைந்து நான் ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. சந்தியில் ஆள் காத்துக்கொண்டு நிற்பார்கள், திட்டுவார்கள். என்ன செய்வது, அவர் பையைப் பிரிக்கிறதைப் பார்க்காமல் வர மனம் வராது.

பையை மேசையில் கவிழ்ப்பார். கம்பளிச் சுவட்டரின் கையை முழங்கை வரை ஏற்றிவிடுவார். விரலில் ரப்பர் உறையை மாட்டிக்கொள்வார். அப்புறம் கண் கடைசி வரியில் பட்டதும் கை தானாகப் போகும். சுவரில் ஒரு மர அடுக்கு. அதில் தோட்டத்துக்கு ஒரு பெட்டி, பெரிய தோட்டமென்றால் கணக்குக்கு ஒரு பெட்டி. தோட்டத்தின் பிரிவைத்தான் நாங்கள் கணக்கு என்போம். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, புதுக்கணக்கு. கந்தோர்க் காகிதத்தில் அதையே டிவிஷன் என்று எழுதுவார்கள். தோட்டத்துக்கும் அப்படித்தான் இரண்டு பெயர். எங்கள் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஹார்ட்வெல். எங்கள் ஆட்கள் வைத்தது சூரியத்தோட்டம். வருஷத்தில் பாதி நாள் பக்கத்து லயத்து வீட்டு வரிசையே தெரியாத பனிக்குள் கிடக்கிற இடத்துக்கு அப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு பெட்டியின் மேலும் அரசாங்கப் பெயரை மூன்று மொழியிலும் எழுதி, அதற்குக் கீழே ஆட்கள் சொல்கிற பெயரையும், அதற்கும் கீழே சனங்கள் தப்பாக எழுதுகிற பெயர்களையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். சில பெட்டிகளில் பென்சில் எழுத்து பலகையைத் தாண்டிச் சுவருக்கு இறங்கியிருந்தது.

விலாசம் சரியாக இருக்கிற கடிதங்களை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கோணலான ஒன்று கையில் சிக்க வேண்டும். "ஆஹா!" என்று தேதி முத்திரையை மேசையில் ஓங்கிக் குத்துவார். வரிசையில் நிற்கிறவர்கள் துள்ளி விழுவார்கள். அப்படிப்பட்ட கடிதத்துக்கு அவர் வைத்த பெயர் விருந்தாளி. ஜன்னலோரத்தில் அதற்கென்று ஒரு தட்டு.

ஒருமுறை திருச்சிப் பக்கமிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. விலாசம் இவ்வளவுதான்: 'மாரிமுத்து மாமா, பாலத்துக்கு அங்கிட்டு, சூரியத்தோட்டம், கண்டி, சிலோன்.' இந்தியாவில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களுக்கு மலையகம் முழுவதும் இன்னும் கண்டிதான். அந்தப் பத்திரிகை கண்டிக்குப் போய், நுவரெலியாவுக்குப் போய், கொத்மலைப் பக்கம் சுற்றி, உறை முழுக்க முத்திரை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

"எழுதத் தெரியாத ஜென்மங்க, இவனுங்களுக்கெல்லாம் எதுக்குங்க்கா கடுதாசி?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எழுதினவருக்கு இது சரியான விலாசந்தான் தம்பி. அவரு மனசுல மாரிமுத்து மாமா பாலத்துக்கு அங்கிட்டுத்தான் நிக்கிறாரு. படிக்கத் தெரியாதது நம்ம குத்தம்."

எங்கள் தோட்டத்தில் நான்கு மாரிமுத்து இருந்தார்கள். அவர் நான்கு பேரையும் விசாரித்து, பாலம் கட்டுவதற்கு முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மாரிமுத்துவைக் கண்டுபிடித்துப் பத்திரிகையைக் கொடுத்தார். கல்யாணம் முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. மாரிமுத்துவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு லயம் லயமாகக் காட்டினார். அக்கா அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப யாருங்க்கா கடுதாசி எழுதறாங்க? எல்லாம் வாட்ஸ்அப்புதான்" என்று ஒருநாள் சீண்டினேன்.

"வேலைக்கு வரச்சொல்லி வாட்ஸ்அப்புல வருமா? கோர்ட்டுக்கு வரச்சொல்லி வருமா? வாழ்க்கையப் பொரட்டிப் போடுறது இன்னும் உறையிலதான் தம்பி வருது."

இவ்வளவு பேசுகிறவருக்கு ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் பை சுமந்தேன். ஒரு வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை. கேட்கலாம் என்று நினைப்பேன், கேட்டதில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மனைவி அமுதா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷமாகத் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பம் கேட்டார்கள். வயதெல்லை முடிய அவளுக்கு இரண்டே மாதம் மிச்சம் இருந்தது. இதை விட்டால் இல்லை. விண்ணப்பத்தோடு சொந்த விலாசம் எழுதிய நீள உறை ஒன்றும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு அமுதா சொன்னாள்: "உறைய மட்டும் டவுன்ல வாங்கி நீங்களே எழுதி வச்சிருங்க. நியூ டிவிஷன், ஹார்ட்வெல் எஸ்டேட்டுன்னு இங்கிலீஷ்ல எழுதுங்க."

நான் தலையாட்டினேன். கடையில் உறையை வாங்கிப் பேனாவைத் திறந்ததும் எனக்கு ஒரு வீறாப்பு வந்துவிட்டது. என் இங்கிலீஷ் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். தமிழ் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், 'ண' மட்டும் கடைசியில் வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். அவள் பெயருக்குக் கீழே அழகாக எழுதினேன்: 'புதுக்கணக்கு, சூரியத்தோட்டம்', அதற்குக் கீழே டவுன் பெயர். எழுதிவிட்டு ஒரு தடவை தூரப்பிடித்து ரசித்தேன் வேறு.

மூன்று மாதம் கழித்து நேர்முகப் பரீட்சைக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. அமுதாவோடு விண்ணப்பித்த மேல்கணக்கு யோகாவுக்கு வெள்ளிக்கிழமை வரச்சொல்லி வந்துவிட்டது. அமுதாவுக்கு வரவில்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, புதனும் இல்லை. அமுதா சாப்பாட்டைத் தொடவில்லை. வியாழக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனேன், அக்கா பிரித்தார், அதிலும் இல்லை. அன்றைக்கு மட்டும் நான் மனிதனாக இல்லை. வரிசையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போதே கத்தினேன்.

"மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறீங்கல்ல? ஒரு கடுதாசிய ஒழுங்காக் கொண்டாந்து சேக்கத் துப்பில்ல! கீழ இருந்து படிக்கிறாங்களாம், மேல இருந்து படிக்கிறாங்களாம்! தொலைச்சிட்டு உக்காந்திருக்கீங்க!"

அக்காவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவர் கண்ணில் அந்த வெளிச்சம்தான் வந்தது, கோணல் விலாசத்தைக் கண்டால் வருகிற அதே வெளிச்சம்.

"கடுதாசி தொலையாது தம்பி. யாரோ ஒருத்தரு இதுதான் சரியான எடம்னு நெனைச்சு வச்சிருப்பாரு. அந்த ஆளு மாதிரி நாம நெனைக்கணும், அவ்வளவுதான். உறையில என்னா எழுதியிருந்துச்சு?"

"புதுக்கணக்கு, சூரியத்தோட்டம்னு… தமிழ்ல."

"எழுதினது யாரு?"

"அமுதாதான்" என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. "டவுன் கந்தோர்ல தரம் பிரிக்க போன மாசம் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. கீழ்நாட்டுச் சிங்கள ஆளு, தமிழ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு. கீழ இருந்து படிக்கிறாரு. ஊரு டவுனுதான், சரி. மேல சூரியத்தோட்டம். அவருகிட்ட இருக்கிற பட்டியல்ல ஹார்ட்வெல்தான் இருக்கும், சூரியத்தோட்டம் எங்க இருக்கும்? அப்ப அதுக்கும் மேல போறாரு. புதுக்கணக்கு. பக்கத்துல தமிழ் தெரிஞ்சவரு யாரையோ கேக்குறாரு, இதுக்கு என்னா அர்த்தம்னு. அவரும் தோட்டத்த அறியாத ஆளு. என்னா சொல்லியிருப்பாரு?"

கண்ணைத் திறந்தார். முத்திரையை ஓங்கி ஒரு குத்து. "ஆஹா! நியூ அக்கவுண்ட்! தம்பி, பேங்க்ல இருக்கு! ஆட்டோவ எடுங்க!"

வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்தது. டவுன் கந்தோருக்கு இரண்டு தடவை போன் அடித்துப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் கவுண்டரை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, கந்தோர் முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, குடையோடு வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. முன்னால் கோவா, கரட் மூட்டை ஏற்றிய ஒரு லொறி வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறியது. நான் ஹார்னை அழுத்திக்கொண்டே ஓட்டினேன்.

"டவுன்ல நாலு பேங்க் இருக்கேங்க்கா!"

"தபால்காரரு ஸ்டேஷன் ரோட்டுல இருந்துதான் ஏறுவாரு. மழ நாளுல அந்தப் பக்கம் போற கடுதாசியெல்லாம் மொத வர்ற பேங்க்லதான் எறங்கும். லொறிய முந்துங்க தம்பி, முந்துங்க!"

லொறியை முந்தினேன். எப்படி முந்தினேன் என்று கேட்காதீர்கள்.

பேங்க் வாசலில் காவலாளி சிங்களத்தில் தடுத்தார். இது பேங்க், தபால் கந்தோர் இல்லை என்றார். அக்கா அவரைவிட நல்ல சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். 'புதிய கணக்குகள்' என்று பலகை வைத்த மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் இருந்தார்.

"ஓம் அக்கா, உப்பிடி ஒரு கடிதம் வந்து கிடக்குது" என்றார். "எங்கட கஸ்டமர் ஆரோ எண்டுதான் நினைச்சன். கணக்கிலக்கம் இல்லையே எண்டு யோசிச்சனான். ஆள் வருவா எண்டு பத்திரமா எடுத்து வைச்சிருக்கிறன்." மேசை லாச்சியைத் திறந்தார்.

என் உறைதான். என் அழகான எழுத்துத்தான். ஓரத்தில் யாரோ பென்சிலால் 'நியூ அக்கவுண்ட்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். அக்கா அதைக் கையில் வாங்கினார். ஒரு கணம் விலாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். உறையைக் கிழித்துக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். உறையை மட்டும் நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். யோகாவுக்குத்தான் வெள்ளிக்கிழமை. இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி அமுதா முதல் நாளில் வந்திருந்தாள். வியாழக்கிழமை, அன்றைக்கே. இரண்டு மணி. பேங்க் கடிகாரத்தில் ஒன்று ஐந்து.

"நிக்காதீங்க! அந்தப் பிள்ளயக் கூட்டிட்டு வாங்க. பரீட்ச நடக்கிற ஸ்கூலு இங்கதான் இருக்கு, நான் போயி வாசல்ல நிக்கிறேன்" என்று என்னைத் தள்ளினார்.

தோட்டத்துப் பள்ளிக்கூட அதிபரின் போனுக்கு அடித்தேன். அமுதா எடுத்ததும், "சேல மாத்தாத! சர்ட்டிபிக்கட்ட எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடியா!" என்று கத்தினேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. நான் போய்ச் சேரும்போது தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் பிஸ்கட் டின். அதற்குள்தான் அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம். செருப்பில் ஒன்றைக் காணோம்.

"அந்தச் செருப்பு எங்க?"

"போச்சு. ஓட்டுங்க!"

பரீட்சை நடக்கிற பள்ளிக்கூட வாசலுக்குப் போகும்போது இரண்டரை மணி. வாசலில் அக்கா இல்லை. மாடியிலிருந்து அவருடைய குரல் கேட்டது. சண்டைக் குரல் இல்லை. அந்த விருந்தாளிக் கடிதங்களைப் பற்றிப் பேசுகிற உற்சாகக் குரல். படியில் நின்ற பியூன் என்னிடம் சொன்னார்: "அந்தம்மா அரை மணி நேரமாப் பேசிக்கிட்டிருக்காங்க. கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் வரல்லன்னு பேர வெட்டிட்டாங்க. இந்தம்மா விடல்ல. கடுதாசி பிந்தினது தபால் பெழைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் வச்சுக் குடுத்திட்டாங்க. கடைசி ஆளாப் பாக்கிறோம்னு பெரியவங்க ஒத்துக்கிட்டாங்க."

அமுதா ஒற்றைச் செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். மாடிப்படியில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். விலாசம் எழுதத் தெரியாமல் எழுதினது நான். அந்த உறையைக் காட்டியிருந்தால் பிழை விண்ணப்பக்காரியுடையது என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். ஒரு கடிதத்தையும் தவற விடாத மனுஷி, தன் கந்தோர் முத்திரையை எடுத்து, பிழை எங்களுடையது என்று குத்திக் கொடுத்திருக்கிறார். அவர் என்னவோ கையை ஆட்டி ஆட்டி, "புதுக்கணக்க நியூ அக்கவுண்டுன்னு படிச்சிருக்காங்க பாருங்களேன்! எவ்வளவு அழகான தப்பு!" என்று பூரித்துக்கொண்டிருந்தார்.

அமுதாவுக்கு நியமனம் கிடைத்தது. அந்தக் கடிதம் நேராக எங்கள் பெட்டிக்கு வந்தது. அதற்குள் பெட்டியின் பலகையில், எல்லாப் பெயருக்கும் கீழே, 'நியூ அக்கவுண்ட்' என்று பென்சிலால் எழுதியிருந்தார் அவர். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அமுதா கேசரி கொடுத்தாள்.

பிறகு ஒருநாள் பையைக் கவிழ்த்தபோது பழுப்பு உறை ஒன்று விழுந்தது. வழக்கம்போலக் கீழிருந்து படித்துக்கொண்டே போனார். ஊர். கந்தோர். பதவி. கடைசியில் பெயர். அவருடைய பெயர். நான் பார்க்க அவருக்கு வந்த முதல் கடிதம்.

பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தார். "வெளக்கம் கேட்டிருக்காங்க தம்பி. தபால் பெழைன்னு யாரக் கேட்டு எழுதிக் குடுத்தேன்னு. பாருங்க, பேரு, பதவி, கந்தோர் எல்லாம் ஒரு எழுத்து பெசகாம எழுதியிருக்காங்க. இது மட்டும் எப்பிடி நேரா வந்து சேந்திருச்சு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, அந்த உறைய எழுதினது அமுதா இல்ல. நான்தான். அத அனுப்புங்க, உங்க மேல தப்பில்லன்னு தெரிஞ்சிரும்."

"தெரியும். தெனமும் என் புத்தகத்துல கண்ணன்னு கையெழுத்துப் போடுறீங்க. இந்த ஊருல 'ண'வுக்கு வால் மொளைக்க வைக்கிறது நீங்க ஒருத்தருதானே."

"அன்னைக்கே ஏன் சொல்லல்ல?"

"சொன்னா அந்தப் பிள்ள ஆயுசுக்கும் உங்களத் திட்டும். டிப்பார்ட்மெண்ட் என்னைய ஒரு வாட்டிதான் திட்டும். அதோட, நான் எழுதிக் குடுத்தது பொய்யா? படிக்கத் தெரியாதது நம்ம குத்தந்தானே." கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த உறையை எடுத்து என் சட்டைப்பையில் சொருகினார். "இது உங்களுக்கு வந்த விருந்தாளி. நீங்களே வச்சுக்கங்க."

மூன்று மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. தண்டனையா, வழக்கமான மாற்றலா என்று எனக்குத் தெரியாது. பொல்பிட்டியப் பக்கம் போனதாகச் சொன்னார்கள், அங்கிருந்து வேறெங்கோ போய்விட்டார். உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. அமுதாவுக்கு இதை நான் இதுவரை சொன்னதில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வாள். திட்டட்டும்.

விளக்கம் கேட்ட அன்றே அவர் பதில் எழுதிவிட்டார். நான்கே வரி. மடித்து ஒரு உறைக்குள் போட்டு ஒட்டினார். பேனாவையும் உறையையும் என் பக்கம் தள்ளினார்.

"விலாசத்த நீங்க எழுதுங்க தம்பி."

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கி, கீழிருந்து மேலாக எழுதினேன்.